வெளிநாட்டில் எல்.எல்.எம்.: பாலக்காட்டு எல்லையிலிருந்து இளம் வக்கீல்கள் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்த ஊர்களில் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்து, கோயம்புத்தூரிலோ திருச்சூரிலோ சட்டம் படித்து, இப்போது கேரளத்துச் சித்தூர் கோர்ட்டிலும் பாலக்காடு கோர்ட்டிலும் ஜூனியராக இருக்கும் பிள்ளைகள் நிறைய பேர். லண்டனில் எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பை முடித்துத் திரும்பி வந்து இங்கேயே தொழில் செய்கிறேன் என்பதால், அவர்களுக்கு யோசனை வந்ததும் என்னிடம்தான் வருகிறார்கள். ஆந்திரப் பக்கத்து நகரி, குப்பத்திலிருந்தும் போன் வருவதுண்டு. பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணா, எல்.எல்.எம். முடிச்சா அந்த நாட்டிலேயே வக்கீல் ஆகிடலாமா?

ஆக முடியாது. பட்டம் வேறு, லைசென்ஸ் வேறு. பணம் கட்டும் முன்னால் இந்த ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்ற வகை வக்கீல் ஆக எல்.எல்.எம். தேவையே இல்லை. 2021-இல் வந்த எஸ்.கியூ.இ. தேர்வைத்தான் எழுத வேண்டும். முதல் பகுதியில் 360 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. இரண்டாம் பகுதி செய்முறை: கட்சிக்காரரிடம் பேசுவது, வாதாடுவது, டிராஃப்ட் எழுதுவது என்று 16 பயிற்சிகள். அந்த நாட்டுப் பட்டதாரிகள் இதோடு 2 ஆண்டு வேலை அனுபவமும் காட்ட வேண்டும். ஏற்கெனவே வக்கீலாகப் பதிவு செய்த நமக்கு அந்த நிபந்தனை இல்லை. முதல் பகுதியை இந்தியாவில் இருந்துகொண்டே எழுதலாம். இரண்டாம் பகுதியின் வாய்மொழித் தேர்வுக்குத்தான் அங்கே போக வேண்டும்.

நியூயார்க்கில் கதை வேறு. அவர்களுடைய விதி 520.6, வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களுக்கானது. நம் படிப்பும் ஆங்கிலேயர் வழிவந்த பொதுச் சட்ட (காமன் லா) மரபில் வந்தது என்பதால், காலமும் பாடமும் அவர்கள் படிப்புக்கு ஈடாக இருந்தால் எல்.எல்.எம். இல்லாமலே, வக்கீல் லைசென்ஸுக்கான பார் தேர்வு எழுத விடுவார்கள். ஏதாவது ஒன்றில் குறை இருந்தால்தான் அங்கீகாரம் பெற்ற அமெரிக்கச் சட்டப் பள்ளியில் 24 கிரெடிட் எல்.எல்.எம். கேட்பார்கள். அந்த 24-லும் தொழில் நெறி, சட்ட ஆய்வும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட அறிமுகம், பார் தேர்வுப் பாடங்கள் என்று இத்தனை இத்தனை கட்டாயம் என்று இருக்கிறது. ஆன்லைன் வகுப்பு சேராது. ஆகவே கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்பே நியூயார்க் தேர்வு வாரியத்திடம் உங்கள் சான்றிதழ்களை அனுப்பி முன்மதிப்பீடு வாங்கிவிடுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் அந்தக் கடிதத்தில் இருக்கும் ஒரு வரியில் பல லட்சம் ரூபாய் மிச்சமாகலாம்.

கலிபோர்னியாவில், சொந்த நாட்டில் வக்கீலாகப் பதிவு செய்தவர் நேராகவே பார் தேர்வு எழுதலாம். பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு என்ரோல் செய்யாதவருக்குத்தான் அங்கே எல்.எல்.எம். வேண்டும். கனடாவில் என்.சி.ஏ. என்ற குழு உங்கள் படிப்பை மதிப்பிட்டு எந்தெந்தப் பாடம் எழுத வேண்டும் என்று சொல்லும். கனடிய அரசியலமைப்பு, குற்றவியல், நிர்வாகச் சட்டம், சட்ட அடிப்படைகள், தொழில் நெறி ஆகியவை கட்டாயம் வரும். இவற்றை வீட்டில் இருந்தே எழுதலாம். அதற்கு மேல் மாகாண பார் தேர்வும் பயிற்சிக் காலமும் உண்டு.

அப்போ எல்.எல்.எம். எதுக்குங்க?

உங்களிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி இருந்தால், அதை ஆழமாகப் படிக்க ஒரு வருடம் கிடைக்கிறது. என் அனுபவத்தில் அதன் முதல் பயன் அதுதான். சர்வதேச நடுவர் தீர்ப்பாயம், கடல் வணிகம், வரி, அறிவுசார் சொத்துரிமை, சுற்றுச்சூழல் போன்ற துறைகளை நம் கல்லூரிகளில் ஒரு பேப்பராகத்தான் பார்த்திருப்போம். அங்கே அதையே தொழிலாகக் கொண்டவர்கள் பாடம் நடத்துகிறார்கள். வகுப்பில் பக்கத்து பெஞ்சில் நைஜீரியாவிலும் பிரேசிலிலும் கோர்ட்டுக்குப் போய்வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஊர் கோர்ட்டிலும் வாய்தாதான், அங்கேயும் நிலத் தகராறுதான் என்று பார்க்கும்போது நம் சட்டத்தையே புதிதாகப் பார்க்க ஆரம்பிப்போம்.

பேராசிரியர் வேலை, ஆராய்ச்சி, பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவு, மும்பை டெல்லி சட்ட நிறுவனங்கள் என்று போக நினைப்பவர்களுக்கும் உதவும். சித்தூர் முன்சீப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடத்தவே ஆசை என்றால் இதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். நல்ல சீனியரிடம் இன்னும் 3 வருடம் இருப்பது அதைவிடப் பெரிய படிப்பு.

எந்த நாடு நல்லது?

யாரிடம், என்ன படிக்கப் போகிறோம் என்று முடிவான பிறகு கேட்க வேண்டிய கேள்வி இது. இங்கிலாந்தில் ஒரு வருடம், ஆக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல்., கேம்பிரிட்ஜின் எல்.எல்.எம். இரண்டும் ஒன்பது பத்து மாதத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவிலும் ஒரு கல்வியாண்டுதான். ஜெர்மனி, நெதர்லாந்து, சிங்கப்பூரிலும் ஆங்கிலத்திலேயே நடக்கும் படிப்புகள் இருக்கின்றன.

நம்ம பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் துபாயைப் பற்றியும் கேட்கிறார்கள். துபாயின் டி.ஐ.எஃப்.சி., அபுதாபியின் ஏ.டி.ஜி.எம். என்ற இரண்டு நிதி மண்டலங்களிலும் ஆங்கிலத்தில், பொதுச் சட்ட முறையில் நடக்கும் தனி நீதிமன்றங்கள் உண்டு. அங்கே வேலை தேடுபவருக்கு இங்கிலாந்தின் வணிகச் சட்ட எல்.எல்.எம். கைகொடுக்கும். எஸ்.கியூ.இ.யும் முடித்திருந்தால் இன்னும் நல்லது.

நான் அரசு சட்டக் கல்லூரி. தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளோடு போட்டி போட முடியுமா?

முடியும். எல்.எல்.எம்.முக்கு, அமெரிக்காவில் சட்டப் படிப்புக்கு எழுதும் எல்சாட் மாதிரி நுழைவுத் தேர்வு கிடையாது. மதிப்பெண், ஏன் படிக்க வருகிறோம் என்று எழுதும் நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள், வேலை அனுபவம் இவ்வளவுதான். மதிப்பெண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது: நம் பல்கலைக்கழகங்களில் 60 சதவீதம் வாங்குவதே பெரிய பாடு. இது அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். ரேங்க் வாங்கியிருந்தால் ரேங்க் சான்றிதழை இணையுங்கள். இல்லாவிட்டால், வகுப்பில் எத்தனை பேரில் எத்தனையாவது என்று பேராசிரியரைக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். கோர்ட்டில் நீங்களே எழுதிய மனு, நீங்களே நடத்திய குறுக்கு விசாரணை இதெல்லாம் கல்லூரிப் பெயரைவிட எடை கூடியது. கல்லூரியிலிருந்து நேராகப் போவதைவிட 2, 3 வருடம் கோர்ட்டில் இருந்துவிட்டுப் போவது நல்லது என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

நோக்க அறிக்கையில் என்ன எழுதுவது?

என்னிடம் வரும் வரைவுகளில் பாதி, "சிறு வயது முதலே நீதியின் மேல் எனக்குத் தீராத ஆர்வம்" என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பெருமாட்டிப் பஞ்சாயத்திலிருந்து ஒரு தங்கை வந்தாள். சுற்றுச்சூழல் சட்டம் படிக்க ஆசை. வரைவு முழுக்க உலக வெப்பமயமாதல், ஐ.நா. ஒப்பந்தங்கள். "உங்க ஊர் பிளாச்சிமடைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். நடந்தே போய்விடலாம் என்றாள். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

பிளாச்சிமடை என்ன சாதாரணமா? 2000-இல், நிலத்தடி நீரை எடுத்து ஓடும் கொக்கோ கோலா ஆலை வந்தது. 2002-இல் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2003-இல் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில், நிலத்தடி நீர் மக்கள் சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பு சொன்னார். 2004-இல் ஆலை நின்றது. 2005-இல் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் வேறு மாதிரி பார்த்து, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. உயர்மட்டக் குழு 2010-இல் கணக்கிட்ட இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கச் சட்டமன்றம் 2011-இல் மசோதா நிறைவேற்றியும் அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இதில் எத்தனை கேள்விகள் இருக்கின்றன பாருங்கள். தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் யாருக்குச் சொந்தம்? பஞ்சாயத்தின் அதிகாரம் எதுவரை? ஒரே உயர் நீதிமன்றத்தில் இரண்டு தீர்ப்பு எப்படி வந்தது? அந்த அறங்காவலர் கோட்பாட்டை நம் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில் எடுத்துக்கொண்டபோது, கலிபோர்னியாவின் மோனோ ஏரி வழக்கையும் மேற்கோள் காட்டியது. அந்தத் தங்கை திருத்தி எழுதிய அறிக்கை தன் தெருவின் குடிநீர் லாரியில் தொடங்கி, மோனோ ஏரியைப் படிக்க ஏன் வருகிறேன் என்பதில் முடிந்தது. படிக்கும்போதே இவள் எதற்கு வருகிறாள் என்று தெரிந்தது.

உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. மணக்கடவு அணையில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. நமக்கு வர வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பி நெல் நட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு இரு மாநில நீர்ச் சட்டம் வெறும் பாடமா? மூணாறு பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது, வாளையாறுப் பிள்ளைகளுக்கு எல்லை தாண்டும் சரக்கும் வரியும் இருக்கிறது.

பரிந்துரைக் கடிதம் பெரிய நீதிபதியிடம் வாங்கலாமா?

உங்களைத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். நீங்கள் எந்த கேஸ் கட்டை எப்படிப் படித்தீர்கள் என்று சொல்லக்கூடிய சீனியரின் கடிதம் ஒன்று, பாடம் எடுத்த பேராசிரியரின் கடிதம் ஒன்று. போதும்.

மார்க் சீட் எல்லாம் கையில் இருக்கிறதே, டிரான்ஸ்கிரிப்ட் தனியாக வேண்டுமா?

வேண்டும். எல்லா வருட மதிப்பெண்ணையும் சேர்த்துக் காட்டும் அந்தப் பதிவைக் கல்லூரி தராது, பல்கலைக்கழகம்தான் தரும். கோயம்புத்தூர் அரசு சட்டக் கல்லூரியில் படித்தவர் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும், திருச்சூரில் படித்தவர் கோழிக்கோடு பல்கலைக்கழகத்திலும் வாங்க வேண்டும். பல அமெரிக்கச் சட்டப் பள்ளிகள் எல்.எஸ்.ஏ.சி. என்ற அமைப்பின் வழியாகத்தான் ஆவணங்களை வாங்குகின்றன. பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையில் நேராக அங்கே அனுப்ப வேண்டும். நீங்கள் பிரித்துவிட்டால் செல்லாது. அமெரிக்காவுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். அதனால் ஜூனிலேயே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

அப்புறம் பெயர். நம்மில் பலருக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியலோடு ஒரு பெயர், டிகிரியில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து வந்துவிடும். பிறகு வங்கிக் கணக்கிலிருந்து பார் தேர்வு வரை அதே பெயர் தொடரும். முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு வில்லேஜ் ஆபீசில் இரண்டு பெயரும் ஒருவரே என்ற சான்று வாங்கலாம். கேரள அரசின் அட்சயா சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மலையாளத்தில் இருக்கும் சான்றிதழ்களுக்கு நோட்டரி கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

போகும் முன் ஏ.ஐ.பி.இ. என்ற அகில இந்திய பார் தேர்வை முடித்துவிடுங்கள். பார் கவுன்சிலிடம் நன்னடத்தைச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் என்ரோல் செய்தவர் சென்னையிலும், எர்ணாகுளத்தில் செய்தவர் அங்கேயும்தான் வாங்க முடியும்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். ஆங்கிலம் பயமாக இருக்கிறது.

ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 7 அல்லது 7.5 கேட்பார்கள். நம் பிள்ளைகள் கேட்பதிலும் படிப்பதிலும் தேறிவிடுவார்கள். மார்க் குறைவது எழுத்தில்தான். கோர்ட் டிராஃப்டிங் ஆங்கிலம் நீளமான வாக்கியமாகவே நம்மைப் பழக்கிவிடுகிறது. தினமும் ஒரு தீர்ப்பை எடுத்து, சின்னச் சின்ன வாக்கியமாக அரைப் பக்கத்தில் சுருக்கி எழுதுங்கள். தேர்வுக்கும் உதவும், அங்கே போய்க் கட்டுரை எழுதவும் உதவும்.

ஏனுங்க வக்கீலே, தோட்டத்தை வெச்சுக் கடன் வாங்கலாங்களா?

இதை அப்பாக்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவின் பெயர் பெற்ற பள்ளிகளில் கட்டணம் மட்டுமே 70,000 டாலரைத் தாண்டும். அதன் மேல் சாப்பாடும் வாடகையும். இங்கிலாந்தில் இதைவிடக் குறைவு, ஆனாலும் லட்சங்களில்தான்.

கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் வரலாம். அதற்கு மேல் பிணை கேட்பார்கள். நெல் வயலையும் தென்னந்தோப்பையும் காட்டினால் பல வங்கிகள் தயங்கும். கடன் கட்டாதவரின் பிணைச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி எடுக்க வழி செய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு, வேளாண் நிலத்தை அந்தச் சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது என்கிறது. அதனால் வங்கிகள் வீடு, வீட்டு மனை, வைப்புத் தொகை என்று கேட்கின்றன. கரம் கட்டிய ரசீது, கைவசச் சான்று, வில்லங்கச் சான்று மூன்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். நிலம் பாதி கேரளத்திலும் பாதி தமிழ்நாட்டிலும் இருக்கும் குடும்பங்களுக்கு இரண்டு மாநில ஆபீசும் ஏற வேண்டியிருக்கும்.

இங்கிலாந்து விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். கடைசி வாரம் நகையை அடகு வைத்துப் போட்ட பணம் அதற்கு உதவாது. சொந்தப் பணம் அனுப்பினால் வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி வரி பிடிக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்து சரிக்கட்டிக்கொள்ளலாம். கல்விக் கடன் வழியாகப் போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் அந்தப் பிடித்தம் இல்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: குடும்பம் குடியிருக்கும் ஒரே வீட்டை இதற்காக அடகு வைக்க வேண்டாம். ஸ்காலர்ஷிப் இல்லாத இடம் கிடைத்தால் ஒரு வருடம் பொறுத்து மறுபடி விண்ணப்பியுங்கள். இங்கே கோர்ட் வேலை அதுவரை நடந்துகொண்டுதானே இருக்கும்.

ஸ்காலர்ஷிப் என்னென்ன இருக்கிறது?

இங்கிலாந்துக்கு சிவ்னிங். 2 வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் 2 வருடம் ஊரில் இருக்க வேண்டும். விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடிவிடும். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் நேரு, அதற்கு 3 வருட அனுபவம். ஜே.என். டாட்டா அறக்கட்டளை, திருப்பிக் கட்ட வேண்டிய கடனாக உதவித்தொகை தருகிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் குடும்பங்களுக்கானது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள். மொத்தம் 125 இடம்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். தமிழ்நாடு அரசின் அயலகக் கல்வி உதவி தமிழ்நாட்டு இருப்பிடம் உள்ளவர்களுக்கு. நாம் தமிழர் என்பதால் மட்டும் கிடைக்காது. கேரள அரசின் திட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே சாதிச் சான்று கேட்கும்போது, குடும்பம் 1950-க்கு முன்பே கேரளத்தில் இருந்ததா என்ற கேள்வி வரும். தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. 2021-இல் தேவிகுளத்தில் ஜெயித்த எம்.எல்.ஏ.வின் தேர்தல் வழக்கு இதே கேள்வியில்தான் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம் அவருக்குச் சாதகமாக முடிந்தது. தாத்தாவின் எஸ்டேட் பதிவேடு, பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு எது கிடைத்தாலும் இப்போதே நகல் எடுத்து வையுங்கள்.

முடித்த பிறகு அங்கே வேலை கிடைக்குமா?

இங்கிலாந்தில் படிப்பு முடிந்ததும் 2 வருடம் தங்கி வேலை தேடலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். அமெரிக்காவில் ஓ.பி.டி. என்ற, படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி 12 மாதம். அறிவியல் படிப்புக்குக் கிடைக்கும் நீட்டிப்பு சட்டப் படிப்புக்குக் கிடையாது. அதற்குப் பிறகு எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கல். வேலை நிச்சயம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கல்யாணம் முடித்துக் கணவரோடு போ என்கிறார்கள் வீட்டில்.

2024 ஜனவரியிலிருந்து, இங்கிலாந்தில் எல்.எல்.எம். போன்ற வகுப்பு முறை முதுகலைப் படிப்புக்குப் போகிறவர் கணவனையோ மனைவியையோ அழைத்துப்போக முடியாது. அமெரிக்காவில் கூட வரலாம், ஆனால் அந்த விசாவில் வேலை செய்ய முடியாது. வீட்டில் இதை அப்படியே சொல்லுங்கள். தனியாகப் போய்ப் படித்து வந்த நம்ம பக்கத்துப் பெண்களிடம் அம்மாவை ஒருமுறை பேச வையுங்கள். அவர்களுடைய பயம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

திரும்பி வந்து லெக்சரர் ஆகலாமா?

நெட் தேர்வும் வேண்டும், பட்டத்துக்குச் சமநிலையும் வேண்டும். ஒரு வருட வெளிநாட்டு எல்.எல்.எம். இங்கே இரண்டு வருட எல்.எல்.எம்.முக்குச் சமமா என்பதில் பார் கவுன்சில் கடுமையாக இருக்கிறது. அதன் 2020-ஆம் ஆண்டு விதிகளைப் படியுங்கள். வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலை தர யு.ஜி.சி. 2025-இல் புதிய விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது, ஆனால் சட்டம் போன்ற தனிக் கவுன்சில் உள்ள படிப்புகளுக்கு அவை பொருந்தாது. ஆசிரியர் வேலைதான் குறிக்கோள் என்றால் சேரும் முன்பே பார் கவுன்சில் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

கையில் இருக்கும் கேஸ்களை என்ன செய்வது?

சீனியரின் வக்காலத்தில் இருப்பவை அவரிடமே இருக்கும். உங்கள் பெயரில் வக்காலத்து போட்டவற்றுக்குக் கட்சிக்காரரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். போனில் வேண்டாம். யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதை அவர் ஒப்புக்கொண்ட பிறகு, மாறும் வக்கீலுக்கு நோ அப்ஜெக்‌ஷன் எழுதிக் கொடுங்கள். கேஸ் கட்டில் அடுத்த வாய்தா தேதி, மார்க் ஆன ஆவணங்கள், இன்னும் விசாரிக்க வேண்டிய சாட்சிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். அசல் பத்திரங்கள் உங்களிடம் இருந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். கேரள வக்கீல் சேமநல நிதியில் உறுப்பினர் என்றால், ஆண்டுச் சந்தாவை யார் கட்டுவது என்று குமாஸ்தாவிடமோ நண்பரிடமோ சொல்லி, பணத்தையும் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.